பகல் ஒரு மணி, ஒருகொடவத்தை



சித்திரை மாதத்துப் பகலில் ஒருகொடவத்தைப் பக்கம் போயிருக்கிறீர்களா? சுங்கப் பரிசோதனைக்கு வந்த கொன்டெய்னர் லொறிகள் வரிசையாக நிற்கும். வீதியில் நிற்கும் நமக்கே மூச்சு முட்டுகிறது. ஒரே ஒரு வாசல் வைத்த அந்த இரும்புப் பெட்டிக்குள் நின்று மூட்டை இறக்குபவருக்கு எப்படி இருக்கும்?

கொழும்பில் வெப்பமானியைப் பார்த்தால் 32, 33 பாகைதான் காட்டும். நம்மை வாட்டுவது புழுக்கம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வேர்வை வழியுமே தவிர காயாது. சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்கு ஓடும். தசைகளுக்குப் போவது குறையும். கை தானாகவே மெதுவாகும். அதைப் பார்த்து "சோம்பேறி" என்று சொல்லலாமா?

33, 34 பாகையில் ஓரளவு கடினமான வேலை செய்பவரின் திறன் பாதியாகிவிடும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இலேயே கணக்குச் சொல்லிவிட்டது.

அந்தப் பாதி யாருடைய வீட்டில் குறைகிறது? மாதச் சம்பளக்காரருக்கு மெதுவான நாளும் சம்பள நாள்தான். இறக்கிய மூட்டைக்குக் கூலி வாங்குபவருக்கு அன்று மாலையே கையில் குறையும். பிள்ளையின் டியூஷன் காசு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், கடைக் கொப்பியில் கடன் ஏறும். தகரக் கூரைக்குக் கீழே இரவில் தூக்கமும் வராது. களைப்பு ஆறாத அதே உடம்போடுதான் மறுநாளும் வேலைக்குப் போக வேண்டும். வெயில் தணிந்து மழை வந்தால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி, ஒருகொடவத்தைக்குப் பக்கத்து வெல்லம்பிட்டி, கொலன்னாவை வீடுகள் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுகிறது. நிழலில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்கிறது. நல்லதுதான். ஆனால், நாட்கூலிக்காரர் யாரிடம் கேட்டு நிழலுக்குப் போவது?

கட்டாரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30க்கும் இடையில் வெட்டவெளி வேலை அங்கே தடை. 2021இல் கொண்டுவந்த விதி அது. அந்தப் பாலைவன நாட்டில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வாசகர்கள் நம்மிடம் பலர் இருக்கிறீர்கள். முடிந்த சரக்கையாவது காலையிலேயே இறக்கச் சொல்லுங்கள். நடுவில் உட்காரும் இருபது நிமிடத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். தண்ணீரோடு, அதில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத் தூள் பக்கெட் இரண்டையும் வாங்கி வையுங்கள். கடையே இல்லாதவர்கள், வீட்டுக்கு கேஸ் சிலிண்டரோ அரிசி மூட்டையோ கொண்டுவரச் சொல்லும்போது, உச்சி வெயிலில் வேண்டாம், மாலையில் கொண்டுவந்தால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லலாமே?

நம் பத்திரிகைக்கான காகிதக் கட்டுகளும் இவ்வளவு காலம் பகல் ஒரு மணிக்குத்தான் வந்து இறங்கின. இந்த மாதம் முதல் காலை 7 மணிக்கு மாற்றியிருக்கிறோம். உங்கள் கடையில், உங்கள் வேலைத்தளத்தில் எந்த நேரத்துக்கு மாற்ற முடிந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்