குறட்டையைச் சொன்னால் திகதி போய்விடுமா?



இந்த மாதத் தபாலில் வந்த ஒரு கடிதத்துக்குத் தனியாகப் பதில் போட்டு முடித்துவிட மனம் வரவில்லை. ரதல்ல பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு தாய்க்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. மகள் எழுதுகிறார்: "அம்மா ராவையில பெருசா குறட்டை விடுவாங்க சேர். நடுவுல சத்தமே இல்லாம போயிரும். நாங்க பயந்து எழும்பி உக்காந்தா, 'ஹக்'னு ஒரு இழுப்போட திரும்ப மூச்சு வரும். கிளினிக்கில கேட்டா ஒண்ணும் சொல்லிறாதடின்னு அம்மா சொல்றாங்க. சொன்னா திகதிய வெட்டிருவாங்களாம். என்ன செய்யட்டும்?"

சொல்லிவிடுங்கள் மகளே. அம்மா கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் பயம் எனக்குப் புரியாமலில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றத் திகதி வாங்குவது என்பது எத்தனை கிளினிக், எத்தனை எக்ஸ்ரே, விடியற்காலை எத்தனை பஸ் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதுவரை சித்தாலேபக் களிம்பு தடவி, துணி சுற்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த கால் அது. மலை ஏறும்போதைவிட நிறைந்த கூடையோடு சரிவில் இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் அதிகம் விழும். அப்படி இறங்கியே தேய்ந்த மூட்டுக்கு ஒரு வழி பிறக்கிற நேரத்தில், குறட்டையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்பானேன் என்று அவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை. அதோடு பெண்கள் குறட்டை விடுவதை ஏதோ மானக்கேடு போலப் பேசும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்தத் தொல்லை கூடும் என்பதுதான் உண்மை. உடம்பு பெருத்தவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. தாடை சிறிதாக அமைந்த மெலிந்தவர்களுக்கும் வரும்.

மகள் எழுதியிருப்பது வெறும் குறட்டையல்ல. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று போவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்க, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்ப, அந்த 'ஹக்' வருகிறது. ஆங்கிலத்தில் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். மணித்தியாலத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கணக்கில் எடுப்பார்கள். முப்பதுக்கு மேல் போனால் கடுமையானது. கும்பகர்ணன் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. 2022 பெப்ரவரியில் பாடகரும் இசையமைப்பாளருமான பப்பி லஹிரி மும்பையில் 69 வயதில் இறந்தபோது, சிகிச்சையளித்த வைத்தியர்கள் சொன்ன காரணம் இந்த மூச்சுத் தடைதான்.

முழங்காலுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இடையில் நிற்பவை மயக்க மருந்தும் வலி மருந்தும். முழு மயக்கம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மோர்ஃபின் வகை மருந்துகள், மூச்சு நின்றதும் பதறி எழுப்புகிற மூளையை மந்தமாக்கும். வீட்டில் 'ஹக்' என்று வந்த மூச்சு வார்டில் வராமலே போகலாம். போதாததற்கு, முழங்கால் அறுத்தவர் காலை நீட்டி மல்லாந்து படுக்க வேண்டும். மூச்சுத் தடைக்காரருக்கு அதைவிட மோசமான கிடை கிடையாது.

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். பெரும்பாலும் திகதி போகாது. சந்தேகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றுதான் மயக்க மருந்து வைத்தியர்களின் சர்வதேச வழிகாட்டல்களும் சொல்கின்றன. மூச்சுத் தடை உள்ளவர் என்றே வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ஏற்பாடுகளோடு அறுவையைச் செய்வார்கள். இருதயத்திலோ நுரையீரலிலோ வேறு கோளாறு கட்டுக்கடங்காமல் இருந்தால்தான் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். அப்படித் தள்ளிப்போனாலும் முழங்கால் காத்திருக்கும். இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாயிகூட இரண்டு முழங்கால்களையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளவில்லை. 2000 ஒக்டோபரில் ஒன்று, 2001 ஜூனில் மற்றது.

முக்கியமான ஏற்பாடு முதுகு ஊசி. சிசேரியன் செய்துகொண்ட நம் பெண்கள் பலருக்கு அது பழக்கம்தான். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், ஆள் விழித்திருப்பார், தொண்டை தன்பாட்டில் வேலை செய்யும். மூச்சுத் தடையோடு இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மாற்றிக்கொண்ட சுமார் 30,000 அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், முழு மயக்கம் பெற்றவர்களைவிட முதுகு ஊசி பெற்றவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. 'அந்த ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி' என்ற பேச்சை நம்பி மறுத்துவிடாதீர்கள். நீண்டகால முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. இந்த ஊசியின் சரித்திரத்தில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஓகுஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் முதன்முதலில் முதுகில் மருந்தேற்றி அறுவை செய்தது ஒரு கூலித் தொழிலாளியின் கணுக்கால் மூட்டில். முழு மயக்கம் அவருக்கு முன்பே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது.

முதுகு ஊசியோடு தூக்க மருந்தும் கொடுத்து உறங்கவைக்கலாம். குறட்டையைப் பற்றித் தெரிந்தால் அதைக் குறைத்துக்கொள்வார்கள். தொடையில் நரம்பைச் சுற்றி மரக்கவைக்கும் ஊசி, பரசிட்டமோல் என்று வலியை வேறு வழிகளில் அடக்கி, மோர்ஃபினை இயன்றவரை தவிர்ப்பார்கள். விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பை இரவிலும் விட்டுவைப்பார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவார்கள். (தலைப்பக்கத்தைத்தான். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது, கால் நீட்ட வராமல் மடங்கியே நின்றுவிடும். பாசத்தில் இதைச் செய்கிறவர்கள் நம் வீட்டாட்கள்தான்.) இத்தனையும் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. நீங்கள் சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

வைத்தியர்கள்கூட அவசரத்தில் சொல்ல மறக்கிற ஒன்று உண்டு. ஆபத்து முதல் இரவோடு முடிவதில்லை. அறுவைக்குப் பிந்திய முதல் ஓரிரு இரவுகளில் ஆழ்ந்த கனவுத் தூக்கம் வராது. மூன்றாம் நாள் அளவில் அந்தக் கடனையெல்லாம் சேர்த்து உடம்பு வசூலிக்கும். மூச்சுத் தடை மிகுவது அந்தக் கனவுத் தூக்கத்தில்தான். அநேகமாக அதே நாட்களில்தான் டிக்கட்டை வெட்டி வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். கண்டியில் அறுத்துக்கொண்டு வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி மேலேறி வந்து, வலி மாத்திரைகளோடு லயத்துக் காம்பிராவில் படுக்கும்போது, கிளிப்பும் இல்லை, தாதியும் இல்லை. அன்றைக்குப் பார்த்து, 'வலிக்கு ஒரு மூடி குடி, தூக்கம் வரும்' என்று சாராயப் போத்தலை நீட்ட ஒரு மாமா இருப்பார். ட்ரமடோல் போன்ற மாத்திரையும் சாராயமும் மூச்சுத் தடையும் ஓர் இரவில் ஒன்று சேரக் கூடாது. மாமாவிடம் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லலாம், பாதகமில்லை.

ஏற்கெனவே மூச்சு மெஷின் பாவிப்பவர்கள் அதை மூக்கு மாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வார்டில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் அந்த மெஷினை 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் வேக்கியூம் கிளீனர் மோட்டர் ஒன்றிலிருந்து செய்தார். அதுவரை கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. மின்சாரம் இல்லாமல் அந்த மெஷின் ஓடாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில் கிடந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பற்றரி ஏற்பாடு பற்றி வாங்கும்போதே கேளுங்கள். உயரத்தையும் கவனிக்க வேண்டும். நானுஓயா 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். புதிய மெஷின்கள் தாமாகவே உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும். பழையவற்றில் சிலவற்றுக்குக் கையால் மாற்ற வேண்டும்.

கிளினிக்கில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் எட்டு. சத்தமான குறட்டையா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் உண்டா, பிறகு உடல் எடை, ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. டொரொண்டோவில் உருவான இந்தப் பட்டியலில் மூன்றுக்கு 'ஆம்' வந்தாலே கவனிப்பார்கள். கழுத்தைச் சட்டை தைக்கிற டேப்பால் வீட்டிலேயே அளக்கலாம், 40 சென்ரிமீற்றர் தாண்டுகிறதா என்று. மூன்றாவது கேள்விக்கு மட்டும் நோயாளியால் பதில் சொல்ல முடியாது. தனி அறையில் படுக்கிற பணக்காரருக்கு அதற்குச் சாட்சியே இருக்காது. பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் நம் வீடுகளில் சாட்சிக்குக் குறைவில்லை.

ஆகவே மகளே, அம்மாவோடு கிளினிக்குக்கு நீங்களே போங்கள். முதல் நாள் இரவு அவர் தூங்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் நின்று, திரும்ப வருகிற அந்த ஒரு நிமிடம் பதிந்தால் போதும். மயக்க மருந்து வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும்போது போனைக் கொடுங்கள். சிங்களத்தில் விளக்கத் திணறவும் வேண்டாம், அது தானே பேசும். வீடியோ எடுக்கிற அவசரத்தில் லைட்டைப் போட்டு அம்மாவை எழுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
நானுஓயா