சரளைப் பாதைகள் சரளையாகவே இருக்கட்டும்

சாலை என்றால் அது தார் பூசப்பட்டதாகவோ சிமெண்டால் ஆனதாகவோ இருக்க வேண்டும் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. மண்ணும் சரளைக் கற்களும் பரவிய பாதையைக் கண்டால், ‘இவ்வழிக்கு இன்னும் விடிவு வரவில்லையே!’ என இரங்குவோரே மிகுதி. ஆயினும், எல்லா மண்பாதைகளையும் முடிவுறாத சாலைகள் எனக் கருதுதல் பிழையாகும். அவற்றுள் சில, இருந்தவாறே காக்கப்பட வேண்டியவை. மகாராட்டிர மாநிலத்தின் புனே நகரைச் சூழ்ந்துள்ள மலைநாடு இதற்குத் தக்க சான்று.

அம்மலைநாடு நெருப்பில் பிறந்தது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தின் நீண்ட பிளவுகள் வழியே எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் பொங்கி வழிந்தது. வழிந்த குழம்பு ஒவ்வொரு முறையும் குளிர்ந்து இறுகியது. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் பசால்ட் பாறை அடுக்குகள் உருவாயின. காலத்தால் தேய்ந்தது போக இன்று எஞ்சியிருக்கும் பரப்பே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் ஆகும். மழையும் காற்றும் அரித்ததால் அடுக்குகளின் விளிம்புகள் படிகளைப் போலத் தோன்றுகின்றன. நிலவியலார் இப்பாறைத் தொகுதியை ‘டெக்கான் டிராப்ஸ்’ என்பர். ‘டிராப்’ என்னும் பெயர் படிக்கட்டைக் குறிக்கும் சுவீடன் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. சிங்ககட், ராஜ்கட், தோர்ணா, புரந்தர் ஆகிய கோட்டைகள் இத்தகைய மலைகளின்மீதே எழுந்தன. கார்லா, பாஜா குடைவரைகளும் இப்பாறையைக் குடைந்தே அமைக்கப்பட்டன.

இம்மலைகளுக்கு இடையே மாட்டுவண்டித் தடங்களும், கால்வாய்க்கரை வழிகளும், கோட்டைகளுக்கு ஏறும் பழம்பாதைகளும் பின்னிக் கிடக்கின்றன. பசால்ட் பாறை சிதைந்து உண்டாகும் சரளை மண்ணை அங்குள்ளோர் ‘முரூம்’ என்பர். இச்சொல்லைக் கேட்கும் தமிழருக்கு, பருக்கைக் கல் நிறைந்த மேட்டுநிலத்தைக் குறிக்கும் ‘முரம்பு’ என்னும் பழந்தமிழ்ச் சொல் நினைவுக்கு வரும். முரூம் பரவிய தடங்களில் ஊர்திகளின் இரைச்சல் இல்லை. ஆள்காட்டிப் பறவையின் குரலும் ஆட்டுமந்தையின் மணியோசையுமே கேட்கின்றன.

அண்மைக் காலத்தில் இத்தகைய வழிகளுக்கு ஏற்ற மிதிவண்டி ஒன்று பரவி வருகிறது. அதனைச் ‘சரளை மிதிவண்டி’ எனலாம். பந்தய மிதிவண்டியைப் போன்றே இதன் கைப்பிடியும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால், சக்கரங்கள் அதனினும் அகலமானவை; பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவினவை. காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டுவதால், கூழாங்கற்களின் அதிர்வைச் சக்கரமே தாங்கிக்கொள்ளும். செங்குத்தான ஏற்றத்திலும் மிதித்தேற இதன் பற்சக்கர அமைப்பு உதவும். பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் சரளைப் பாதைக்கென உலக வாகையர் போட்டியை இத்தாலியில் முதன்முறையாக நடத்தியது. எனினும், இவ்வண்டி இன்றியமையாதது அன்று. சற்றே அகன்ற சக்கரமும் நல்ல தடையும் உடைய எளிய மிதிவண்டியே தொடக்கப் பயணத்திற்குப் போதும்.

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழும். ‘நகரத்தார் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து மிதிவண்டி ஓட்டி மகிழ்வதற்காகச் சிற்றூர் மக்கள் சேற்றில் நடக்க வேண்டுமா?’ என்பதே அம்மறுப்பு. இது நேர்மையான கேள்வி. பேறுகால வேதனையுற்ற தாய் மருத்துவமனையை அடைவதற்கும், குழந்தைகள் மழைக்காலத்தில் பள்ளி செல்வதற்கும், விளைபொருள் சந்தையை எட்டுவதற்கும் உறுதியான சாலை கட்டாயம் வேண்டும். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் இந்நோக்கத்தை உடையதே. ஊருக்கு உயிர்நாடியான சாலையைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால், ஊருக்கு ஒரு நல்ல சாலை அமைந்த பின்னரும், மலைமுகட்டை நோக்கிச் செல்லும் ஒவ்வொரு தடத்தையும் அகலப்படுத்த முனைவது ஏன்? அத்தகைய சாலைகளுள் பல, மலைச்சரிவில் எழும் ஓய்வு மாளிகைகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் வழியமைக்கவே பயன்படுகின்றன. அகன்ற சாலையில் ஊர்திகள் விரைகின்றன. நடப்போர் ஒதுங்க இடமின்றித் தவிக்கின்றனர். மழைக்காலம் முடிந்ததும் ஆடுகளுடன் கொங்கணக் கடற்கரை நோக்கி நடக்கும் தன்கர் இடையர்கள் தம் பழைய வழிகளை இழக்கின்றனர். ஆகவே, எத்தடம் சாலையாக வேண்டும், எத்தடம் சரளையாகவே நிற்க வேண்டும் என்பதை அவ்வூர்க் கிராமசபையே கூடி முடிவு செய்தல் முறையாகும். நகரத்தாரின் விருப்பமும் மனை விற்போரின் ஆசையும் அம்முடிவை ஆளக் கூடாது.

இம்முடிவில் நிலத்தின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பசால்ட் உறுதியான பாறைதான். ஆயினும், அதன் அடுக்குகளுக்கு இடையே சிதைந்த மென்மையான படலங்களும் உண்டு; மேலே தளர்ந்த மண்ணும் உண்டு. சரிவின் அடியை வெட்டினால் மேலுள்ள நிலம் பிடிமானம் இழக்கும். 2014ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புனே மாவட்டத்து மாலின் என்னும் சிற்றூர் பெருமழையால் மலைச்சரிவில் புதைந்தது. அதில் 150 பேருக்கு மேல் உயிரிழந்தனர். சரிவில் மரங்கள் அழிந்ததும் நிலம் சமன்படுத்தப்பட்டதும் அவ்விடருக்குத் துணைபோயின எனப் பலர் சுட்டிக்காட்டினர். மலையைத் தொடுமுன் பன்முறை எண்ண வேண்டும் என்பதற்கு அத்துயரம் சான்றாக நிற்கிறது.

சரளைப் பாதைகளைக் காத்துப் பயன் கண்ட நாடும் உண்டு. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ‘வெண்சாலைகள்’ எனப்படும் சரளைச் சாலைகள் தார்ச்சாலைகளாக மாறி வந்தன. அவற்றைக் காக்கும் நோக்குடன் 1997ஆம் ஆண்டில் ‘எரோய்கா’ என்னும் மிதிவண்டிப் பயணம் தொடங்கப்பட்டது. முதலாண்டில் நூற்றுக்கும் குறைவானவர்களே கலந்துகொண்டனர். இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பழைய மிதிவண்டிகளுடன் அங்கு வருகின்றனர். தூசி பறக்கும் பாதையே அவ்வூர்களின் பெருமையாயிற்று, வருவாய்க்கும் வழியாயிற்று. புனேயின் மலையூர்களிலும் இது இயலாதது அன்று. மிதிவண்டியில் வருவோர் பசியோடு வருவர். அவர்களுக்குச் சோள ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் தேநீரும் அளிக்கும் வீடுகள் பயன்பெறும்.

உரிமை பேசுவோர் கடமையையும் ஏற்றல் வேண்டும். மழை ஓயாத நாள்களில் ஈரத் தடத்தில் வண்டி ஓட்டினால் பள்ளம் விழும், மண் கரையும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ? சாத்தாரா மாவட்டத்துக் காஸ் பீடபூமியில் மழைக்குப்பின் பூக்கும் சிறு மலர்களைக் காக்க, நாள்தோறும் வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்க நேர்ந்தது. எனவே, தடத்தைவிட்டு விலகாமை, பயிரை மிதியாமை, ஆட்டுமந்தைக்கு வழிவிடுதல், குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் ஆகியவை மிதிவண்டியாளரின் ஒழுக்கங்கள். தலைக்கவசமும் குடிநீரும் உடன்வரும் பெரியவர் ஒருவரும் இன்றி மாணவர் இத்தகைய வழிகளில் செல்லலாகாது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்பாதைகள் தரும் நன்மை தனிச்சிறப்புடையது. அவர்கள் தம் சொந்த ஊரைத் தாத்தா பாட்டியின் சொற்களால் அறிகின்றனர். தாம் வளரும் ஊரையோ, பெரும்பாலும் பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே மட்டும் காண்கின்றனர். சரளைப் பாதையில் மூச்சு வாங்க ஒரு மேட்டை ஏறி முடித்த சிறுவனுக்கு அம்மலையின் பெயர் மறக்காது. வழிகாட்டிய முதியவரின் மராத்திச் சொல்லும் மறக்காது. வாழவந்த ஊர் தன் ஊராவது இப்படித்தான்.

சாலைகள் மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விரைந்து சேர்க்கின்றன, அவை வேண்டும். இடையிலுள்ள நிலத்தைக் காட்டுபவை சரளைப் பாதைகளே. அவற்றுள் சிலவேனும் அடுத்த தலைமுறைக்கு எஞ்ச வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. ஊருக்குத் தார்ச்சாலை வேண்டும் என்போரின் கருத்தைக் கட்டுரை எவ்வாறு எதிர்கொள்கிறது?
2. ‘முரூம்’, ‘முரம்பு’ போல, நீ வாழும் பகுதியின் மொழியிலும் தமிழிலும் ஒலியால் ஒத்திருக்கும் சொற்கள் இரண்டினைக் கண்டறிந்து எழுது.
3. உன் பகுதியில் மாற்றாமல் காக்க வேண்டிய பாதை எது? உன் கருத்தைக் காரணங்களுடன் பத்து வரிகளில் எழுது.