மிச்சிகனில் ஒரு லட்சம் பேர், மெட்ராஸில் நாலு பேர்

சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச் என்றால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துக் கல்லூரிகளில் மதியத்துக்கு மேல் கிளாஸ் காலி. மஞ்சள் டீஷர்ட், முகத்தில் பெயின்ட், டிக்கெட்டுக்காக மணிக்கணக்கில் ஆன்லைன் க்யூ. தப்பே இல்லை. ஆனால் அதே மாணவரைப் பிடித்து, "உங்க காலேஜ் டீம் கேப்டன் யாருப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முழிப்பார்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே கல்லூரி ஃபுட்பால் (கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அதுதான்) ஒரு திருவிழா. செப்டம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைதோறும் மேட்ச். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். சேப்பாக்கத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு! 2023 சீசனில் அந்த அணி ஆடிய 15 மேட்சிலும் ஜெயித்தது. 2024 ஜனவரியில் நடந்த ஃபைனலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வீழ்த்தியது.

அங்கே பணம் கொட்டுவதால்தான் கூட்டம் என்று சிலர் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். கூட்டம் முதலில் வந்தது, பணம் பின்னால் வந்தது. ஆடும் பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதியே 2021-ல்தான் கிடைத்தது.

சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் ஆரம்பித்தவர் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரீஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியை மேனேஜராக அழைத்துப் போனவரும் அவர்தான். அமெரிக்க ஒய்எம்சிஏ-வில் பிறந்த பாஸ்கெட்பாலும் வாலிபாலும் இங்கே ஊர் ஊராகப் பரவின. ஒரு பந்து, ஒரு வளையம் அல்லது ஒரு வலை இருந்தால் போதுமே. ஆளுக்கு ஒரு ஹெல்மெட், ஒரு ஷோல்டர் பேட் என்று கேட்கும் ஃபுட்பால் அப்படிப் பரவவில்லை.

2012-ல் அதையும் கொண்டுவரப் பார்த்தார்கள். எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று ஆரம்பித்து, சென்னை பெயரிலும் ஓர் அணியை இறக்கினார்கள். டிவியிலும் காட்டினார்கள். ஆனால் சென்னையில் யாருக்கும் அது 'நம்ம டீம்' ஆகவில்லை. லீக்கும் நிலைக்கவில்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குட்வில் என்ற சொத்து கண்ணுக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் அதைக் கணக்கில் எழுத முடியும். தானாக வளர்ந்ததை எழுதக்கூடாது. லீக்காரர்கள் வாங்கப் பார்த்தது அந்த தானாக வளரும் சரக்கை. சென்னைக் கல்லூரிகளிடம் அது ஏற்கனவே இருக்கிறது, சும்மா கிடக்கிறது.

இன்டர் காலேஜ் மேட்ச் நடக்கும் மைதானத்தில் பாருங்கள். பி.டி. சார், ஸ்கோர் எழுதும் ஜூனியர், ரிசர்வ் பிளேயர் இரண்டு பேர். அவ்வளவுதான் கூட்டம். ஆடுகிற பையன் விடிகாலையில் பிராக்டீஸ் முடித்து, ஈரச் சட்டையோடு முதல் பீரியடுக்கு ஓடி வருகிறான். ஓ.டி. லெட்டரில் கையெழுத்து வாங்க டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாக அலைகிறான். "ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆளு" என்ற நக்கலையும் கேட்டுக்கொள்கிறான். மூன்று வருஷம் கல்லூரியின் பெயரை முதுகில் சுமந்து ஆடியவன், ஒரு கைதட்டல்கூடக் கேட்காமல் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறான்.

லட்சம் பேர் வேண்டாம். கோடிக்கணக்கில் ஸ்டேடியமும் வேண்டாம். அடுத்த மேட்ச் எப்போது என்று நோட்டீஸ் போர்டைப் பார்த்து, கிளாஸில் இருந்து பத்துப் பேர் போனால் போதும். டிக்கெட் கிடையாது, க்யூவும் கிடையாது :-)

போகிற வழியில் கேப்டன் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.