ஆலோசனைத் தொழிலும் பொருளாதார மாறுதல்களும்

உழவன் தொழிலை மழை ஆள்கின்றது. நெசவாளன் தொழிலை நூல்விலை ஆள்கின்றது. உள ஆலோசனைத் தொழிலை ஆள்வது யாது என வினவின், யாதுமில்லை என்றே நம்மிற் பலர் விடை கூறுவர். கவுன்சலிங் என இக்காலத்தில் யாவரும் வழங்கும் அத்தொழில், துன்புற்றார்க்குச் செவிகொடுத்து, அவர்தம் உள்ளச் சிக்கலை அவரே அவிழ்த்துக்கொள்ளத் துணைநிற்பது. அதற்கு ஆலை வேண்டா, சரக்கும் வேண்டா. இரண்டு நாற்காலிகளும் அமைதியான ஓர் அறையும் போதும். ஆதலின் அஃது அங்காடியின் ஏற்றத்தாழ்வுகட்கு அப்பாற்பட்டதென்னும் எண்ணம் கற்றோரிடையும் நிலவுகின்றது. இவ்வெண்ணம் பிழை என்பதையும், அப்பிழையாற் கேடுறுவோர் பெரும்பாலும் ஏழைகளே என்பதையும் ஈண்டுக் காட்டப் புகுகின்றேன். உளவியலும் சமூகப்பணியும் பயின்று இத்தொழிலிற் புக விழையும் மாணவர் இக்காலத்திற் பல்கி வருதலின், இது வெறும் ஏட்டாராய்ச்சியன்று.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். வக்கீலிடம் செல்வோன் கட்சிக்காரன். வைத்தியரிடம் செல்வோன் நோயாளி. கடைக்குச் செல்வோன் வாடிக்கைக்காரன். ஆலோசகரிடம் செல்வோனுக்கு நம் மொழியில் இன்னும் நிலைத்த பெயரில்லை. அமெரிக்க அறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1942-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நோயாளி என்னும் சொல்லை விடுத்து, வக்கீல்கள் வழங்கும் கிளையண்ட் என்னும் சொல்லையே ஆண்டார். வருவோர் பிறர் கையிற் கிடக்கும் பிணியாளரல்லர், தம் செயலுக்குத் தாமே உரியோர் என்பதைக் காட்ட அங்ஙனம் செய்தார். கருத்து உயர்ந்ததே. எனினும் அச்சொல்லினுள் கட்டணம் செலுத்துவோர் என்னும் பொருளும் ஒளிந்து நிற்கின்றதன்றோ?

இத்தொழில் பிறந்ததே ஒரு பொருளாதார மாறுதலினால். பாஸ்டன் நகரில் ஆலைகள் பெருகி, அயல்நாடுகளினின்றும் வந்து குடியேறிய இளைஞர் எவ்வேலையிற் புகுவதென்றறியாது திகைத்திருந்த காலத்தில், பிராங்க் பார்சன்ஸ் என்பார் 1908-ஆம் ஆண்டு ஆங்குத் தொழில் ஆலோசனை நிலையமொன்றை நிறுவினார். அதற்குப் பொருளுதவியவர் தனவந்தரான ஒரு பெருமாட்டியார். பின்னர், 1957-ஆம் ஆண்டு ருஷியர் ஸ்புட்னிக்கை வானிற் செலுத்தவே, திகைப்புற்ற அமெரிக்க சர்க்கார் மறு ஆண்டே ஒரு சட்டமியற்றிப் பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றப் பெரும்பணம் வழங்கிற்று. தனவந்தர் கொடையும், சர்க்கார் கொடையும் வருங்கால் தொழில் தழைக்கும், வற்றுங்கால் வாடும்.

நிற்க. ஆலோசகர் விற்பது யாது? அறிவுரையன்று, அஃது இனாமாகவே எங்கும் மிகுதியாகக் கிடைக்கின்றது. அவர் விற்பது தம் நாழிகை. இவ்வுண்மையை ஒளிவின்றி எழுதியவர் வியன்னா நகரத்து பிராய்டு. தம் நாளின் ஒரு மணி நேரத்தை ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவதாகவும், அவர் அன்று வாராதொழியினும் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தவேண்டுமென்றும் 1913-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அவர் வரைந்துள்ளார். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினும் அதன் காரணம் தெளிவு. அரிசி வியாபாரி இன்று விற்காத மூட்டையை நாளை விற்கலாம். ஆலோசகரின் விற்காத நாழிகை மாலைக்குள் அழிந்துபோம். மேலும், ஆலையில் இயந்திரத்தை விரைவுபடுத்தி ஒருநாளில் இருமடங்கு துணி நெய்யலாம். அழுகின்ற ஒருவரை இருமடங்கு விரைவில் அழச்செய்தல் இயலாது. ஊரிற் கூலியும் வாடகையும் ஏறுங்கால் ஆலோசகரின் செலவும் ஏறும். அவர் செய்யும் வேலையின் அளவோ ஏறாது. நாடக, இசைக் குழுக்களைப் பற்றிப் பாமல், போவன் என்னும் பொருளாதார அறிஞரிருவர் 1966-ஆம் ஆண்டிற் கூறிய இந்நியதி, ஆலோசனை அறைக்கும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவதாகும். எனவே நாடு செழிக்கச் செழிக்க இத்தொழிலின் கட்டணமும் ஏறியே தீரும். இதனை ஆலோசகரின் பேராசையென்று பழிப்பது அறியாமை.

முதல் உலகப் போருக்குப்பின் ஆஸ்திரிய நாணயம் மதிப்பிழந்தபோது பிராய்டின் சேமிப்புக் கரைந்தொழிந்தது. பின்னர் அவர் குடும்பத்தைக் காத்தவர், பவுனும் டாலரும் கொண்டு வியன்னாவுக்கு வந்த ஆங்கிலேயரும் அமெரிக்கருமே. ஆனால் இதே பிராய்டு, 1918-ஆம் ஆண்டு புடாபெஸ்டில் நிகழ்த்திய உரையில், ஏழைகட்கும் இச்சிகிச்சை கிட்டவேண்டுமென வற்புறுத்தினார். 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் அத்தகைய நிலையங்கள் தோன்றின. ஒரே மனிதர், ஒரே காலத்தில், டாலர் கொண்டுவருவோரையும் நாடினார், ஏழையரையும் நினைந்தார். இதை முரண்பாடென்று நான் கருதவில்லை. தொழிலின் இயல்பே அது.

இனி, இத்தொழிலுக்கே உரிய பெருந்துன்பமொன்றைக் கூறுவேன். பஞ்சகாலத்தில் அரிசிக்குத் தேவை மிகுமாயின் விலையேறி வியாபாரி கொழுப்பான். ஆலோசனைத் தொழிலிலோ, வேலையிழப்பும் கடனும் குடும்பப் பூசலும் பெருகித் தேவை மிகும் அந்நாளிலேயே கொடுக்கும் கை வெறுங்கையாகின்றது. அமெரிக்காவை நோக்குக. ஆங்குப் பெரும்பாலோர்க்கு இன்ஷூரன்ஸ் என்பது உத்தியோகத்தோடு ஒட்டியது. உத்தியோகம் போயின் அதுவும் உடன்போம். 2008-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப்பின், 2009 அக்டோபரில், வேலையற்றோர் தொகை நூற்றுக்குப் பத்தாயிற்று. ஆலோசகரைத் தேடவேண்டியோர் பெருகிய அளவுக்கு அவருக்குப் பணம் தரவல்லோர் பெருகவில்லை.

விந்தையொன்று உண்டு. உடல்நோய்க்கு ஈடாக உளநோய்க்கும் இன்ஷூரன்ஸ் வழங்கப்படவேண்டுமென ஆண்டுக்கணக்காய் வாதாடியோரின் மசோதா, 2008 அக்டோபர் 3-ஆம் நாள், வீழும் பாங்குகளைத் தூக்கி நிறுத்த அவசரமாய் நிறைவேற்றிய சட்டத்தோடு பிணைந்தே சட்டமாயிற்று. பாங்குகளின் துன்பம் வாராதிருப்பின், துயருற்றோரின் துன்பம் இன்னும் எத்துணைக் காலம் காத்திருக்குமோ!

இன்ஷூரன்ஸ் வந்தபின்னும் இடர் தீர்ந்ததில்லை. கம்பெனியார் நாழிகைக்கு இவ்வளவே தருவோமென விலை வரைகின்றனர். இத்தனை சந்திப்புக்குமேல் ஏன் வேண்டுமென வினவுகின்றனர். நல்ல காலத்தில் பேர்பெற்ற ஆலோசகர் பலர் கம்பெனிகளின் தொடர்பை விடுத்து, ரொக்கம் தரும் செல்வரை நாடுகின்றனர். தாழ்ந்த காலத்தில் வருவோர் ஆலோசகரை விடுகின்றனர்; ஓங்கிய காலத்தில் ஆலோசகர் வருவோரை விடுகின்றனர். இரண்டிலும் வெளியே நிற்பவர் ஒருவரே.

2020-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் மற்றொரு மாறுதல் புகுந்தது. அறைக்கதவு அடைபட, ஆலோசனை கைப்பேசித் திரைக்கு மாறிற்று. அறை வாடகையும் பயணச் செலவும் குறைந்தமை நன்மையே. நடக்கவியலாதோரும் தொலைவிலுள்ளோரும் பயனெய்தினர். ஆயின் வட்டி மலிந்திருந்த அக்காலத்தில் பங்குச்சந்தையின் பணம் இத்தொழிலுள் வெள்ளமெனப் பாய்ந்தது. டாக்ஸ்பேஸ் என்னும் கம்பெனி 2021-இல் பங்குச்சந்தையிற் புகுந்தது. 2022 முதல் வட்டி ஏறவே அதன் பங்குவிலை ஒரு டாலருக்கும் கீழே சரிந்தது. தனியாரிடம் சந்தா பெறுவதைக் குறைத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை நாடியே அது நிமிர்ந்தது. பெட்டர்ஹெல்ப் என்னும் நிறுவனத்தை 2015-இல் வாங்கிய டெலடாக் கம்பெனியார், 2024-இல் அதன் மதிப்பில் 79 கோடி டாலரை நஷ்டக்கணக்கில் எழுதினர். அதனினும் கவலைதருவது ஒன்று. விளம்பரத்தின் பொருட்டு, துயருற்றோர் நம்பித் தந்த செய்திகளை முகநூல் முதலிய நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையத்தார் சாட்டிய குற்றத்தின்மேல், 2023-இல் பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. பங்குதாரர்க்கு மாதந்தோறும் வளர்ச்சி காட்டவேண்டியவன் கையில் மறைமொழியை ஒப்படைப்பது, பூனையைப் பாற்குடத்துக்குக் காவல் வைப்பதே.

இங்கிலாந்து வேறு வழி கண்டது. உளச்சோர்வால் வேலையிழந்தோர்க்கு சர்க்கார் அளிக்கும் உதவித்தொகையைவிட, அவரைக் குணப்படுத்தும் செலவு குறைவெனப் பொருளாதார அறிஞர் லேயர்ட் 2006-இல் எடுத்துக்காட்டினார். 2008 முதல் இலவசச் சிகிச்சைத் திட்டம் பெருக வகுக்கப்பட்டது. இதனை நான் பாராட்டுகின்றேன். ஆயினும், வேலைக்குத் திரும்புவதே குணமடைந்ததற்கு அடையாளமாயின், இனி வேலைசெய்யவியலாத மூதாட்டியின் துயரை எக்கணக்கில் எழுதுவது?

நம் நாட்டில், உளநோய்க்கும் உடல்நோய்க்கு ஒப்பவே இன்ஷூரன்ஸ் வழங்கவேண்டுமென 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. எனினும் ஆலோசகரைச் சென்று காணும் கட்டணம் பெரும்பாலும் கைப்பணமே. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் சர்க்காரின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை நடைபெறுகின்றது. சென்னையில் 1986 முதல் சினேகா நிலையத்துத் தொண்டர்கள் ஊதியமின்றித் துயர்கேட்கின்றனர். இவை போற்றத்தக்கன. ஆனால் இவற்றைக் காட்டி, ஆலோசனை என்றும் இலவசமாகவே இருத்தல் தருமமென்று கூறுவாரோடு நான் உடன்படேன். தொண்டர் மாலையில் இரண்டு நாழிகை தரலாம். பயிற்சி பெற்றவர் வாழ்நாள் முழுவதும் தரவேண்டுமாயின் அவர்தம் குழந்தைகளும் உண்ணவேண்டும்.

ஆதலின் தனித்து இத்தொழில் நடத்தப் புகுவோர் வருவாய்க்கேற்ற கட்டணம் வரைந்து, நல்லாண்டின் வரவில் ஒரு பங்கைத் தீயாண்டிற் கொடுக்கவியலாதோர்க்கென ஒதுக்கி வைப்பாராக. ஒரே கம்பெனியையோ ஒரே வகுப்பினரையோ நம்பி வாடகை ஒப்பந்தம் எழுதாதிருப்பாராக.

கல்லூரிகளுக்கும் ஒன்று கூறுவேன். சேர்க்கை குறைந்து வரவு சுருங்கும் ஆண்டில், ஆலோசகர் பதவி சில்லறைச் செலவுகளோடு சேர்த்து எழுதப்பட்டிருக்குமாயின், முதலில் வெட்டுண்பது அதுவே. அவ்வாண்டிலேதான் தந்தையின் கடை மூடப்பட்ட மாணவன் அவ்வறைக் கதவைத் தட்ட வருவான். நூலகருக்கு உள்ளதுபோல் ஆலோசகருக்கும் நிலையான பதவியும், அதற்கெனத் தனி மூலதனமும் வேண்டும். கட்டடத்துக்கு நன்கொடையளித்துக் கல்லிற் பெயர் பொறிக்கும் பழைய மாணவர்கள், அம்மூலதனத்துக்கு முதற்றொகை எவ்வளவு தேவைப்படுமென்பதைத் தம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.