ஆத்துமா இல்லாதவள் என்று தீர்ப்பிடுகிறவர் யார்?



அமெரிக்க எழுத்தாளர் கெயில் காரிகர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சோல்லெஸ்’ என்னும் ஆங்கில நாவலின் தலைப்புக்கு ‘ஆத்துமா அற்றவள்’ என்பது பொருள். அதைப் பற்றி வாசகர்கள் கூறும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். நகைச்சுவை அருமை, சிந்திக்க ஒன்றுமில்லை என்பது ஒன்று. இரத்தக்காட்டேரிகள் உலவும் நூல், தலைப்பே தேவதூஷணம், கையால் தொடாதீர்கள் என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளையும் நான் மறுக்கிறேன்.

கதை விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நிகழ்கிறது. வான்கப்பல்களும் விந்தையான யந்திரங்களும் நிறைந்த, ஸ்டீம்பங்க் என்று அழைக்கப்படும் கற்பனை உலகம் அது. இரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் அங்கே உயர்குடிச் சமுதாயத்தில் இடம்பெற்றுவிட்டனர். அவர்களைப் பதிவு செய்ய அரசு அலுவலகம் ஒன்றும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய ஆத்துமா உடையவர்களே அவ்வாறு மாற முடியும் என்பது ஆசிரியரின் கற்பனை. கதாநாயகி அலெக்சியா டாரபோட்டிக்கோ ஆத்துமாவே இல்லை. அவள் தொட்டால் காட்டேரியின் கோரைப்பல் மறைகிறது, ஓநாய் மனிதனாகிறது. முதல் காட்சியில், விருந்து மாளிகையின் நூலக அறையில் ஒரு காட்டேரி அவள்மேல் பாய்கிறான். தற்காப்பில் அவன் மாள்கிறான். அவளுக்கு உண்டாகும் பெருங்கோபமோ, முறைப்படி அறிமுகம் செய்துகொள்ளாமல் பாய்ந்ததைக் குறித்தும், தேநீருடன் வந்த பாகுப் பலகாரம் பாழானதைக் குறித்தும்!

ஒரு சாவைவிடப் பலகாரத்துக்காக வருந்தும் இவள் கல்நெஞ்சக்காரி என்று சிலர் எழுதுகின்றனர். அவர்கள் அங்கதத்தை அறியாதவர்கள். கொலையைப் பொறுத்துக்கொண்டு, நடத்தை முறை பிசகுவதைப் பொறுக்காத ஒரு சமுதாயத்தையே ஆசிரியர் எள்ளுகிறார். மாயமாலக்காரரைப் பார்த்து, கொசு இல்லாதபடி வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று இயேசு சொன்னதை வாசித்தவர்களுக்கு இந்த நகைப்பு அந்நியமானதன்று.

ஆயினும் நகைத்ததோடு நூலை மூடிவைப்பவர்கள், அதன் முற்பகுதியிலேயே வரும் ஒரு செய்தியைக் காணாமல் கடந்துவிடுகின்றனர். ஆத்துமா இல்லையெனில் தனக்கு ஒழுக்கமும் இராது என்று எண்ணிய அலெக்சியா, கிரேக்க தத்துவஞானிகளைக் கற்று, தர்க்கத்தின் வழியாய் நன்மை தீமைகளைத் தனக்கென வகுத்துக்கொள்கிறாள். இது நகைச்சுவையாகவே சொல்லப்படுகிறது. ஆனால், நன்றாய் நடக்க வேண்டும் என்னும் அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது? ஆத்துமா அற்ற ஒருத்திக்கு அந்தக் கவலை ஏன்? நூலின் அடிப்படைக் கற்பனையை அதன் கதாநாயகியே பொய்யாக்குகிறாள். அவள் கோபிக்கிறாள், வெட்கப்படுகிறாள், நண்பருக்காகத் தன் உயிரையும் பணயம் வைக்கிறாள்.

வேதம் இவ்விஷயத்தில் தெளிவாய் இருக்கிறது. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் ஒரு ஆத்துமாவைப் பெற்றான் என்று எழுதப்படவில்லை. அவன் ஜீவாத்துமாவானான் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே வரும் ‘நெபேஷ்’ என்னும் எபிரெயச் சொல், முதலாம் அதிகாரத்தில் நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளுக்கும் வழங்குகிறது. ஆத்துமா பையில் இட்ட நாணயமன்று, ஒருவனிடம் மிகுதியாகவும் மற்றவளிடம் இல்லாமலும் இருப்பதற்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டங்கன் மக்டூகல் என்னும் மருத்துவர், மரிக்கும் நோயாளிகளைத் தராசுக் கட்டிலில் கிடத்தி ஆத்துமாவின் எடையைக் காண முயன்றார். நோயாளிகள் அறுவரே, முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை. எனினும் அவர் கூறிய 21 கிராம் இன்றும் பலருடைய வாயில் உலவுகிறது.

இனி, தலைப்பைக் கண்டே தீர்ப்பிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தொடரின் மூன்றாம் நாவலில் அலெக்சியா இத்தாலிக்குச் செல்கிறாள். அங்கே சிலுவை தரித்த டெம்ப்ளர் வீரர்கள் அவளைத் தீயவள் என்று விலக்குகின்றனர். அதே வேளையில் பயன்படும் கருவியாக வைத்துக்கொள்ளவும் விரும்புகின்றனர். நூலைத் திறவாமலே ‘ஆத்துமா அற்றவள்’ என்ற சொல்லைக் கண்டு அருவருப்பவர்கள் அந்த வீரர்களின் வரிசையில்தான் போய் நிற்கின்றனர். இது வெறும் கற்பனையுமன்று. அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் மெய்யான மனிதர்களே என்றும், அவர்களை அடிமைகளாக்கலாகாது என்றும் 1537இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல் சுற்றறிக்கை விடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுத நேர்ந்ததற்குக் காரணம், அதை மறுத்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதே.

நூலில் குறை இல்லையா? உண்டு. காதல் காட்சிகள் சில எல்லை மீறுகின்றன. பிள்ளைகளின் கையில் கொடுக்கும்முன் பெற்றோர் வாசித்துப் பார்க்கட்டும். என் பெரிய மனக்குறை வேறு. இந்த ஆசிரியர் வேதத்தை அறியாதவராகத் தோன்றவில்லை. பகட்டாய் உடுத்தித் திரியும் ஒரு காட்டேரிப் பிரபுவுக்கு ஆக்கெல்டாமா என்று பெயரிட்டிருக்கிறார்; அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தில், யூதாசின் கூலியால் வாங்கப்பட்ட இரத்தநிலத்தின் பெயர் அது. இவ்வளவு நுட்பமாய்ப் பெயர் தேர்ந்தவர், அலெக்சியாவின் தவிப்பை ஓரிரு வரிகளில் எழுப்பிவிட்டு, ஒரு பிரபுவோடு அவள் நிகழ்த்தும் ஊடலுக்கும் கூடலுக்கும் அதைப் பலியிட்டுவிட்டார். சிரிக்க வைத்ததற்காக அவரைக் குறைகூறுகிறவர்களோடு நான் சேரேன். அவர் எழுப்பிய கேள்வியை அவரே பாதி வழியில் கைவிட்டார் என்பதே என் வழக்கு.