கம்பி போனது, கரகரப்பு வந்தது

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால், மத்திய அலையில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைப் பிடித்து, பக்கத்திலேயே கம்பியில்லா சார்ஜரில் செல்போனை வைத்துப் பாருங்கள். மட்டமான சார்ஜர் என்றால், செய்தி வாசிப்பவரின் குரல்மேல் ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போனை எடுத்ததும் அடங்கிவிடும்.

கம்பியில்லா சார்ஜிங்குக்கான கியூஐ (Qi) தரத்துச் சார்ஜர்கள் பலவற்றின் செப்புச் சுருளில் ஓடுவது 100 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மாறுமின்சாரம். அலைவடிவம் சுத்தமாக இல்லாவிட்டால் அதன் மடங்குகளும் கூடவே கிளம்பும். 144-இன் ஐந்து மடங்கு 720. வீட்டு ஒயரிங் வழியாகவும் இந்த இரைச்சல் பரவும். வடிகட்டியில் தயாரிப்பாளர் மிச்சம்பிடித்த சில ரூபாய்க்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தண்டம் கட்டுகிறார். ரேடியோவை இப்போது யார் கேட்கிறார்கள் என்பவர்கள், புயலில் செல்போன் கோபுரம் செத்துப்போன கடலோரக் கிராமத்தில் போய்க் கேட்கட்டும்.

புற்றுநோய்ப் பீதியைக் கிளப்ப வேண்டியதில்லை. இது அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல. சுருளைவிட்டு விலக விலகக் காந்தப்புலமும் மளமளவென்று குறைந்துவிடும். ஆனால் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு எச்சரிக்கை தேவை. தன் போனையும் மேக்சேஃப் சார்ஜரையும் கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு அப்பாலும், கம்பியில்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ.க்கு அப்பாலும் வைக்கும்படி ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கடையில் விற்பவர் இதைச் சொல்வதுண்டா? வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையாவது சொல்ல வேண்டும்.

சார்ஜர் மற்றக் கருவிகளுக்கு விட்டுக்கொடுக்க முடியும் என்பதற்குக் கார்களே சாட்சி. பல கார்கள் சாவியைத் தேட 125 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையை அனுப்புகின்றன. காருக்குள் இருக்கும் கம்பியில்லா போன் சார்ஜரும் அதே பட்டையில்தான் இயங்குகிறது. அதனால் சில மாடல்களில், சாவியைத் தேடும் அந்த நொடிகளுக்குச் சார்ஜ் தானாக நின்று, பிறகு தொடர்கிறது. பயணிக்குத் தெரிவதுகூட இல்லை.

அடுத்து வருவது பெரியது. மின்சாரக் கார்களுக்கான கம்பியில்லா சார்ஜிங், 85 கிலோஹெர்ட்ஸை ஒட்டி 11 கிலோவாட் வரை போகிறது. செல்போனுக்கோ 5, 15 வாட் போதும். ஒழுங்காக வடிகட்டுவது தயாரிப்பாளர் பொறுப்பு. கடைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பது அரசின் வேலை. தர முத்திரையில்லாத மலிவுச் சரக்கை வேண்டாம் என்று தள்ளுவது நம் கையில் இருக்கிறது. அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் இத்தகைய சார்ஜரைத் தரையில் பதிக்க ஒருவர் அனுமதி கேட்டு வந்தால், குடியிருப்போர் சங்கம் மின்சுமைக் கணக்கோடு மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்கட்டும்.