நசுக்குவது வேறு, சுருட்டுவது வேறு

திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு வாகன மின்பணியாளர் கருவிக் கடைக்குச் சென்று “கிரிம்பிங் பிளையர் வேண்டும்” என்று கேட்டால், கடைக்காரர் தயக்கமின்றி ஒன்றை எடுத்து நீட்டுவார். எந்தப் பின்னுக்கு, எந்தக் கனமுள்ள வயருக்கு என்ற கேள்வி எழுவது அரிது. பிழை தொடங்கும் இடம் அதுவே. பிறகொரு நாள் நள்ளிரவில் ஆட்டோவின் முகப்பு விளக்கு அணையும்போதும், காரின் டாஷ்போர்டுக்குள் கருகல் வாடை எழும்போதும், பழி முழுவதும் பணியாளரின் கைமீது விழுகிறது. இது அநீதி. குற்றம் கையில் இல்லை, கருவியில் இருக்கிறது. அதற்கும் முன்பாக, அக்கருவியைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது.

ஆ. மாதவன் தம் கதைகளில் நிலைபெறச் செய்த சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி ஆரியசாலை. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் புழங்கும் இடம். இங்கே கனெக்டருக்குப் பெயர் ‘கப்ளர்’. அதனுள் செருகும் உலோகத் துண்டு ‘பின்’. அதை வயரோடு பிணைக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பெயர், ‘கிரிம்பிங் பிளையர்’. புதுப்பேட்டையிலும் நிலைமை வேறன்று. ஒரு பெயர் பல பொருள்களை மூடி மறைக்கும்போது, தேர்வு என்ற செயலே இல்லாமற் போகிறது.

அப்பெயருக்குள் குறைந்தது மூன்று கருவிகள் ஒளிந்திருக்கின்றன. சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் உறையிட்ட லக்குகளை அழுத்தும் கருவி ஒன்று. அதன் வாய் நீள்வட்டமாக இருக்கும். இறக்கை விரித்த பின்களுக்கான கருவி மற்றொன்று. அதன் மேல்வாயில் இரட்டை வளைவு குடையப்பட்டிருக்கும். டாய்ச் வகைக் கப்ளர்களில் வரும் இறக்கையில்லாத திண்மப் பின்களை நான்கு திசைகளிலிருந்தும் குத்திப் பிடிப்பது மூன்றாவது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இன்றைய வாகனக் கப்ளர்களில் மிகப் பெரும்பான்மை இறக்கைப் பின்களே. ஆனால் பட்டறைகளில் மலிவாகக் கிடைத்துக் கைக்குக் கை மாறுவதோ முதல் வகைக் கருவி.

இங்கே வினைச்சொல்லும் சதி செய்கிறது. “பின்னை நசுக்கிக் கொடு” என்கிறார்கள். நசுக்குவதுதான் வேலை என்றால் எந்தக் குறடும் போதும். உண்மையில் அங்கே நிகழவேண்டியது வேறு. இறக்கைப் பின்னில் இரண்டு இணை இறக்கைகள் உண்டு: முன்னிணை செப்பு இழைகளைப் பிடிக்க, பின்னிணை வயரின் மேலுறையைப் பிடிக்க. சரியான அச்சுக்குள் முன்னிணை உள்நோக்கிச் சுருண்டு, இழைகளின் நடுவே இறங்கி, ஆங்கில ‘பி’ எழுத்தின் வடிவில் இறுகும். அவ்வழுத்தத்தில் இழைகளின் மேலிருந்த ஆக்சைடு படலம் கிழிந்து, காற்றும் புக முடியாதபடி உலோகம் உலோகத்தோடு பொருந்துகிறது. இது சுருட்டி இறுக்குதல். நசுக்கும்போதோ இறக்கைகள் இழைகளின்மேல் தட்டையாகப் படுத்துவிடுகின்றன. உள்ளே வெற்றிடம் எஞ்சுகிறது. கடலோர நகரத்தின் ஈர உப்புக் காற்றுக்கு அந்த வெற்றிடம் போதும்.

விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். நல்ல பிணைப்பின் மின்தடை ஓம்மின் ஆயிரத்தில் சில பங்கைத் தாண்டாது. கெட்ட பிணைப்பில் அது 0.1 ஓம் ஆனால், 55 வாட் முகப்பு விளக்கின் வழியில் ஏறத்தாழ அரை வோல்ட் தொலையும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறையும். அதே தடை 20 ஆம்பியர் ஓடும் வழியில் இருந்தால் 40 வாட் வெப்பம் பிறக்கும். மின்னணுப் பணியாளர் கையிலுள்ள சிறு சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைப் பிளாஸ்டிக் கப்ளருக்குள் பூட்டிவைத்துவிட்டு வண்டியை ஓட்டுகிறோம்.

“அப்படியானால் ஈயம் வைத்துவிடலாமே” என்பது பழகிய மறுமொழி. ஈயம் இழைகளுக்கிடையே ஊறி ஏறி வயரை விறைப்பாக்குகிறது. விறைப்பு முடியும் இடத்தில் வண்டியின் அதிர்வு நாள்தோறும் வளைத்து வளைத்து இழைகளை முறிக்கிறது. 1941இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏஎம்பி நிறுவனம் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் ஈயமில்லாப் பிணைப்பைக் கொண்டுவந்ததும், இன்று வாகனத் தொழிற்சாலைகள் கப்ளர் பின்களை அழுத்தியே பிணைப்பதும் சோம்பலால் அன்று. ஈயம் கெட்ட பிணைப்பை மறைக்கும், மாற்றாது.

எதிர்த்திசையில் இன்னொரு பிடிவாதம் உண்டு. “பின்னைத் தயாரித்த நிறுவனத்தின் கருவி இல்லையேல் தொடவே கூடாது” என்பார்கள். கோட்பாட்டளவில் இது சரி. தொழிற்சாலைக்கு இது விதி. ஆனால் ஒரு பின் வகைக்கென்றே செய்த கருவி பல பத்தாயிரம் ரூபாய் விலை பெறும். நாளொன்றுக்குப் பத்து வகைப் பின்களைக் காணும் தெருவோரப் பணியாளரிடம் இதைச் சொல்வது, பழைய குறட்டுக்கே திரும்பிப் போ என்று சொல்வதற்கு ஒப்பு. அடைய முடியாத தூய்மை, அலட்சியத்தின் மறுபக்கம்.

இவ்விரண்டுக்கும் நடுவே நேர்மையான வழி இருக்கிறது. கருவியிலிருந்து தொடங்காமல் பின்னிலிருந்து தொடங்குவது அவ்வழி. பின் எந்த வகை? வயர் 0.5 சதுர மில்லிமீட்டரா, 0.75ஆ, 1.5ஆ? வயரின் மேலுறை எவ்வளவு தடிமன்? நீர் புகாத ரப்பர் சீல் உண்டா? சீல் இருந்தால் பின்னிணை இறக்கை அதைக் குத்திக் கிழிக்காமல் வட்டமாக அணைக்கவேண்டும். அதற்கு அச்சே வேறு. இவற்றுக்கு விடை தெரிந்தபின், அச்சு மாற்றத்தக்க ராட்செட் கருவி ஒன்றோ, முன்னிணையையும் பின்னிணையையும் தனித்தனியே அழுத்தும் எளிய கருவி ஒன்றோ பெரும்பாலான வேலைக்குப் போதும். ராட்செட் முழு அழுத்தம் முடியும்வரை வாயைத் திறக்காது. அதனால் அரைகுறை அழுத்தம் தவிர்க்கப்படும். ஆனால் அச்சு தவறென்றால், ஒவ்வொரு முறையும் அதே தவற்றை மாறாமல் செய்து தருவதும் அந்த ராட்செட்டே.

சோதனைக்கும் ஆய்வகம் தேவையில்லை. இரு பிடிகளுக்கிடையே செம்பும் மேலுறையும் இரண்டுமே கண்ணுக்குத் தெரியவேண்டும். முன்முனையில் இழைகள் சற்றே எட்டிப் பார்க்கவேண்டும். செம்புப் பிடியின் பின்விளிம்பு மணியின் வாய்போல் விரிந்து, இழைகளை அறுக்காமல் விடவேண்டும். பிறகு இழுத்துப் பார்க்கவேண்டும். 18 ஏடபிள்யூஜி வயருக்கு, அதாவது சுமார் 0.8 சதுர மில்லிமீட்டருக்கு, யூஎல் 486ஏ தரநிலை கேட்பது 20 பவுண்டு இழுவிசை. ஏறத்தாழ 9 கிலோ. சாலைக் கடைத்தெருவில் 9 கிலோ அரிசிக்குப் பஞ்சமில்லை. மாதிரிக்கு ஒரு பின்னை அழுத்தி அதில் பையைத் தொங்கவிட்டால் கருவியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

2023 பிப்ரவரியில் கண்ணூரில் கார் ஒன்று தீப்பற்றி இருவர் இறந்தபின், வாகனங்களில் கூடுதலாகப் பொருத்தப்படும் மின்கருவிகள் குறித்துக் கேரளம் முழுவதும் பேச்சு எழுந்தது. அவ்விபத்தின் காரணத்தைத் தீர்ப்பது இங்கு நோக்கமன்று. அப்பேச்சு எங்கே போய் நின்றது என்பதே கேள்வி: “வெளியாட்களிடம் வேலை கொடுக்காதீர்கள்.” அந்த வெளியாளுக்கு அச்சின் அளவைக் கற்பித்தவர் யார்? பெயரும் எண்ணும் இல்லாத பின்களைப் பாலித்தீன் பையில் எடைபோட்டு விற்பவர் எவர்? அவர்களை யாரும் கேட்கவில்லை.

கேட்கவேண்டியவை சிறியவையே. பின் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் தயாரிப்பு எண்ணும் வயரின் அளவும் அச்சிடப்படட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மாணவர் தாம் அழுத்திய பின்னைக் குறுக்கே அறுத்து, உருப்பெருக்கியில் ஒருமுறையேனும் பார்க்கட்டும். கடைக்காரர் கருவியை நீட்டுமுன் “எந்தப் பின்னுக்கு?” என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி ஆரியசாலையில் வழக்கமானால், நசுக்குதல் என்ற சொல் தானாகவே உதிர்ந்துவிடும். அதுவரை, கருகிய கப்ளரைக் காட்டிப் பணியாளரின் கையைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை.